இறப்பர்–அரிசி உடன்படிக்கையும் ஏற்றுமதியின் ஆயுளும்

சிறிய நாடுகள் சர்வதேச வியாபாரத்தில் நியாயமான விலை பெறுவது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடை கூறப் புகுவோர், இலங்கையும் சீனாவும் 1952 டிசம்பரில் செய்துகொண்ட இறப்பர்–அரிசி உடன்படிக்கையை உதாரணமாக எடுத்துக்காட்டுவது வழக்கம். அது பாராட்டுக்குரியதே, எனினும் அதன் சிறப்பு விலையில் மட்டும் அமைந்ததன்று என்பதும், லாபத்தில் ஒரு பங்கு மண்ணுக்குத் திரும்பிய அளவிலேயே ஏற்றுமதி நிலைபெற்றது என்பதும், அம்மண்ணில் உழைத்தோரைக் கணக்கிற் கொள்ளாமையே அக்காலக் கொள்கையின் பெருங்குறை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கொரிய யுத்தத்தின் தொடக்கத்தில் பெரிதும் உயர்ந்த இறப்பர் விலை பின்னர் சரிந்தது. அரிசி விலையோ ஏறியது. கரவனெல்ல, ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டை எனக் களனி கங்கைப் பள்ளத்தாக்கில் இறப்பரை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு இவ்விரண்டும் ஒருங்கே நேர்ந்தது பெரும் சங்கடம். ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்தில் சீனாவுக்கெதிராக விதித்த வர்த்தகத் தடை, 1955 வரை அச்சபையில் அங்கத்துவம் பெறாத இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. அமெரிக்க உதவி மறுக்கப்படும் என்றறிந்தும், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க ஐந்தாண்டு உடன்படிக்கையொன்றை முடித்தார்: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் செல்ல, 2,70,000 தொன் அரிசி வரும், இறப்பருக்கு உலகச் சந்தையினும் மிகுந்த விலை கிடைக்கும்.

விலையை உயர்த்துவதொன்றே ஏற்றுமதிக்கு அரணாகாது என்பதை இந்நாடு முன்னரே கண்டிருந்தது. 1922 இல் ஸ்டீவன்சன் திட்டத்தின்படி இலங்கையும் மலாயாவும் ஏற்றுமதியைக் குறைத்து விலையேற்ற முயன்றபோது, திட்டத்திற் சேராத டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் சிறு விவசாயிகள் நிலமெங்கும் இறப்பர் நட்டுச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டனர். 1928 இல் திட்டமே கைவிடப்பட்டது. காரணம் வெளிப்படை. இறப்பர் மரம் பால் வெட்டும் பருவம் எய்த ஆறேழு ஆண்டுகள் வேண்டும். எய்தியபின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு பயன்தரும். ஆகவே இன்றைய விலை நேற்றைய நடுகைக்குரிய கூலியேயன்றி, நாளைய விளைச்சலுக்கு உத்தரவாதமன்று. அதிக விலை கிடைத்த ஆண்டுகளில் முதிர்ந்த மரங்களையே மேன்மேலும் வெட்டிப் பணம் சேர்க்கும் நாடு, தன் முதலையே உண்கிறது.

இந்த உண்மையை அக்கால அரசு உணர்ந்திருந்தது என்பதற்கு 1953 ஆம் ஆண்டின் இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டம் சான்று. 1957 இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது மேல்விலை நீங்கிற்று. அதற்கீடாக மீள்நடுகைக்கென்றே சீனப் பொருளாதார உதவி கிடைத்தது. விலைச் சலுகை போனதைத் தோல்வியெனக் கருதுவோருடன் நான் உடன்படேன். என் மதிப்பில் மேல்விலையினும் இம்மீள்நடுகை உதவியே பெரும் பேறு. 1982 வரை உடன்படிக்கை நீடித்ததற்கும் அரிசித் தேவையோடு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஆயின் மரம் மட்டும் ஏற்றுமதி செய்வதில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் தளரும் என்பதால் விடியற்பொழுதிலேயே மரத்தடிக்குச் சென்று, பட்டையின் உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்தைத் தீண்டாமல் மெல்லிய சீவலாகச் செதுக்கி, சிரட்டையில் பாலை இறக்குவது பல்லாண்டுப் பயிற்சியால் வரும் கைத்திறன். கத்தி சற்றே ஆழ்ந்தால் பட்டை மீண்டும் சீராக வளராது. மரத்தின் ஆயுள் குறையும். மழை மிகுந்த கரவனெல்லப் பகுதியில் வெட்டக்கூடிய நாள்களே குறைவாதலின் அத்திறனின் மதிப்பு இன்னும் அதிகம். சிங்களக் கிராமத்தவரும் சிறு நிலச் சொந்தக்காரரும் பால் வெட்டினர் என்பது மெய். பெருந்தோட்டங்களிலோ அவ்வேலையின் கணிசமான பங்கு இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளரின் கையில் இருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவ்வுரிமை இழந்தவர்கள். தம் உழைப்பை அரிசியாக்கிய உடன்படிக்கை கைச்சாத்தானபோது, அதைப்பற்றிச் சொல்ல அவர்களுக்கு வாக்கு இல்லை.

1957 இல் நட்ட கன்றுகள் 1964 அளவில் வெட்டுப் பருவம் எய்தின. அவ்வாண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், பிரஜாவுரிமையற்ற அவ்வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கன்றுகளுக்கு மானியம் வகுத்த அரசுக்கு, அவற்றை வெட்டத் தெரிந்தவர்களைத் தக்கவைப்பதும் வர்த்தகக் கொள்கையின் பகுதியாகத் தோன்றவில்லை. பிற்காலத்து இறப்பர் ஏற்றுமதியின் தளர்ச்சியை விலையையும் நிலச் சீர்திருத்தத்தையும் மட்டும் கொண்டு விளக்கும் ஆய்வுகள், இவ்விழப்பையும் கணக்கிற் சேர்க்கக் கடமைப்பட்டவை.