முழங்கை மடியும் இடம்

கணினியில் செய்த மனித உருவம் நல்லதா இல்லையா என்று பார்க்க நான் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தை வெளிச்சத்தாலும் நிறத்தாலும் சமாளித்துவிடலாம். முழங்கையை மடக்கச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், அங்கேதான் வேஷம் கலையும். ஐம்பது வருஷமாகக் கணினி வரைகலைக்காரர்கள் இந்த மடிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

1972இல் யூட்டா பல்கலைக்கழக மாணவர் எட் கேட்மல், பின்னாளில் பிக்சாரை உருவாக்கியவர்களில் ஒருவர், தன் இடது கையைப் பிளாஸ்டரில் வார்ப்பெடுத்தார். அதன்மேல் மையால் சுமார் 350 முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, ஒவ்வொரு முனையும் எங்கே இருக்கிறது என்று அளந்து கணினிக்குள் ஏற்றினார். ஃபிரெட் பார்க்கோடு சேர்ந்து அவர் எடுத்த அந்தச் சின்னப் படத்தில் ஒரு கை விரல்களை மடக்கி நீட்டுகிறது, அவ்வளவுதான். 1976இல் 'ஃபியூச்சர்வேர்ல்ட்' படத்தில் அது திரையேறியது. 2011இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம் பிடித்தது.

இன்றைய முறைக்கு வேர் என்று பெரும்பாலும் காட்டப்படுவது 1988இல் நாடியா மாக்னெனா தால்மனும் ரிச்சர்ட் லாபெரியேரும் டானியல் தால்மனும் கை அசைவு பற்றி எழுதிய கட்டுரை. அதிலிருந்து வளர்ந்த யோசனை எளிமையானது. உள்ளே எலும்புக்கூடு, மேலே தோல். தோலின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்று ஒரு எடை கொடுக்கிறோம். முழங்கையில் இருக்கும் புள்ளி மேற்கைக்குப் பாதி, முன்கைக்குப் பாதி. கை அசையும்போது இரண்டு எலும்பும் அந்தப் புள்ளியை இரண்டு இடத்துக்குக் கூப்பிடும், கணினி நடுவில் வைத்துவிடும்.

வில்லங்கம் அந்த 'நடுவில்'தான். முன்கையை 90 பாகை முறுக்கினால் நடுப்புள்ளி அச்சை நோக்கி உள்ளே நகர்ந்து, கையின் பருமன் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். 180 பாகை முறுக்கினால் எதிரெதிர்ப் பக்கத்துப் புள்ளிகளின் சராசரி, அதாவது பூஜ்யம். கை, மிட்டாயைச் சுற்றிய தாளின் முனை மாதிரி திருகி ஒரு புள்ளியாகிப் போகும். நம் உடம்பில் அப்படி நடப்பதில்லை. உள்ளங்கையைத் திருப்பும்போது ஆரை எலும்பு அரந்தி எலும்பின்மேல் குறுக்காகச் சாய்கிறது, முறுக்கு முன்கை முழுக்கப் பரவிவிடுகிறது. உங்கள் கையிலேயே திருப்பிப் பாருங்களேன்.

1995இல் லேரி வைன்பெர்க் உருவாக்கிய 'போசர்' மென்பொருள் வந்தது. ஓவியர்கள் மேசையில் வைத்திருக்கும் மரப்பொம்மைக்குப் பதிலாக ஒரு கணினிப் பொம்மை. என்னைப் போல வரைகலை படிக்காதவர்களுக்கும் மனித உருவம் கைக்கு எட்டியது இப்படித்தான். பழைய போசர் உருவங்களில் உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். மூட்டு எங்கே மடியலாம் என்பதை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கோளங்களை வைத்துச் சொல்ல வேண்டும்: உட்கோளத்துக்குள் முழு அசைவு, வெளிக்கோளத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. மனித இடுப்பு கோள வடிவமா என்ன? தொடையைத் தூக்கினால் அடிவயிற்றில் கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு விழும். 2011இல்தான் போசருக்குள் வெயிட் மேப் வந்தது, தூரிகையால் தீற்றுவதுபோல எடையைத் தோலின்மேலேயே பூசலாம். அதே ஆண்டு வந்த டாஸ் நிறுவனத்தின் 'ஜெனிசிஸ்' உருவத்தில் மடிப்பதற்கு ஒரு பூச்சு, முறுக்குவதற்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று எனத் தனித்தனி.

இதற்கு நடுவே சினிமாவில் வேறு வழி கிடைத்திருந்தது. 2000இல் ஜே. பி. லூயிஸ், மேட் கார்ட்னர், நிக்சன் ஃபோங் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணக்கு கெடுக்கும் நிலையில் சிற்பி உருவத்தைக் கையால் திருத்தட்டும். அந்தத் திருத்தத்தைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு, மூட்டு அந்த நிலையை நெருங்க நெருங்க கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கட்டும். நிக்சன் ஃபோங் சிங்கப்பூர்க்காரர். 2013இல் மூவருக்கும் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. சிலை கிடையாது, சான்றிதழ்தான். ஆஸ்கர் என்றால் நம் நாக்கில் ரஹ்மான் பெயர்தான் வரும், வரட்டும். ஆனால் இந்தப் பெயரையும் நம் பக்கத்தில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

கணக்கையே திருத்தப் பார்த்தவர்களும் உண்டு. 1843இல் டப்ளின் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்த ஹாமில்டன், குவாட்டர்னியன் சூத்திரம் தோன்றியதும் அதைப் பாலத்துக் கல்லில் கீறிவைத்தார். 1873இல் கிளிஃபர்ட் அதை இரட்டையாக்கினார். 2007இல் லாடிஸ்லாவ் காவனும் நண்பர்களும், ஹாமில்டன் படித்த அதே டிரினிட்டி கல்லூரியோடு தொடர்புடையவர்கள், அந்த இரட்டைக் குவாட்டர்னியனைத் தோலுக்குக் கொண்டுவந்தார்கள். இடங்களின் சராசரிக்குப் பதில் சுழற்சிகளையே கலப்பதால் மிட்டாய்த்தாள் முறுக்கு ஒழிந்தது. பதிலுக்கு மடிப்பின் வெளிப்பக்கம் லேசாக உப்பும்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்றால், நண்பர் ஒருவரின் தோட்டத்துக் கதைக்கு அட்டைப்படம் செய்யும் வேலை. பால்மரம் சீவும் ஒரு பாட்டி. வெட்டு அடிமரம்வரை இறங்கிவிட்டால் குந்திக்கொண்டுதான் சீவ வேண்டும். நான் வாங்கிய உருவம் நிற்கும், ஓடும், நாற்காலியில் அழகாக உட்காரும். குந்தச் சொன்னால் கெண்டைக்கால் தொடைக்குள் புகுந்துவிடுகிறது. எடைக் கணக்குக்கு ஒரு சதை இன்னொரு சதையைத் தொடுவதே தெரியாது. யாராவது அந்த நிலையில் உட்காரவைத்துச் செதுக்கியிருந்தால்தான் உண்டு. செதுக்கியவர்களின் பட்டியலில் நாற்காலி இருந்திருக்கிறது, குந்துவதும் சம்மணமும் இல்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்தே பெற்றுப் பிழைத்த உடம்புகள் அவர்கள் கண்ணில் படவில்லை போல. இதைச் சதி என்று சொல்லமாட்டேன், சோம்பல் என்று சொல்வேன்.

நானே உட்கார்ந்து செதுக்கினேன். முட்டிக்கு ஒரு திருத்தம், இடுப்புக்கு ஒன்று, அழுந்தி அகலும் கெண்டைக்காலுக்கு ஒன்று. கண்ணாடி முன்னால் குந்திக் குந்திப் பார்த்து மூன்று இரவு போனது. பாட்டி இப்போது மரத்தடியில் ஒழுங்காகக் குந்துகிறார். கைலிதான் இன்னும் பாக்கி.