பிக்சல்: ஒரு கலைச்சொல்லின் வரலாறும் தொடக்கநிலை மாணவரின் இடர்ப்பாடும்

எண்முறைப் படச் செயலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர் முதற் பாடத்திலேயே பிக்சல் என்னும் சொல்லைச் சந்திக்கிறார். அவர் பின்னர் நிரலெழுதும்போது செய்யும் பிழைகளுட் சில, இச்சொல்லை அவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதிலிருந்தே தோன்றுகின்றன. ஆதலின் இதன் வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியதாகிறது.

சொல்லுக்குச் செயல் முந்தியது. 1957இல் அமெரிக்க அரசின் தர அளவைகள் நிறுவனத்தில் ரசல் கிர்ஷும் அவர் குழுவினரும் சீயாக் என்னும் கணிப்பொறியோடு சுழலுருளை வருடி ஒன்றை இணைத்து, கிர்ஷின் கைக்குழந்தையின் ஒளிப்படத்தை எண்களாக மாற்றினர். பக்கத்திற்கு 5 செ.மீ. அளவுள்ள அப்படம் 176 நிரைகளில், நிரைக்கு 176 வீதம், 30,976 இடங்களில் அளக்கப்பட்டது. ஒவ்வோர் இடத்திற்கும் கருமை, வெண்மை என்னும் இரண்டே மதிப்புகள். இடைப்பட்ட சாம்பல் நிறங்களைப் பெற, கருமையையும் வெண்மையையும் பிரிக்கும் எல்லை மதிப்பை மாற்றி மாற்றிப் பலமுறை வருடி, கிடைத்தவற்றை ஒன்றாகச் சேர்த்தனர். இன்றைய மாணவர் 128ஐ எல்லையாகக் கொண்டு எழுதும் முதற் பயிற்சி நிரலும் இதே செயலைத்தான் செய்கிறது.

1965இல் மாரினர்-4 விண்கலம் செவ்வாயின் படங்களை அனுப்பியது. படமொன்றுக்கு 200 வரிகள். வரிக்கு 200 மதிப்புகள். ஒவ்வொரு மதிப்பும் 64 படிநிலைகளுள் ஒன்று. முதற்படம் கணிப்பொறியில் உருப்பெறும்வரை பொறுத்திராத ஆய்வகப் பொறியாளர்கள், எண்கள் அச்சான தாள் நாடாக்களைச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கேற்ற வண்ணம் தீட்டிப் படத்தை உண்டாக்கினர். படம் என்பது எண்களின் அணியே என்பதை விளக்க இதனினும் சிறந்த பாடம் இல்லை.

அதே ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிரெட் பில்லிங்ஸ்லி 1965இல் வெளியிட்ட கட்டுரைகளிலேயே பிக்சல் என்னும் சொல் முதன்முதலாக அச்சில் காணப்படுகிறது. எனினும் அதனைத் தாம் படைத்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. வேறொருவரிடமிருந்து கேட்டதாகவே கூறினார். அவர் சுட்டியவருக்கும் மூலம் தெரிந்திருக்கவில்லை. சொல்லின் அமைப்போ தெளிவானது: படங்கள் என்பதன் பேச்சுவழக்குக் குறுக்கமும் கூறு என்னும் பொருளுடைய சொல்லின் முதலசையும் இணைந்தது. இதற்குப் போட்டியாகப் பெல் என்னும் குறுக்கமும் சில காலம் வழங்கிற்று.

ஜெர்மானியர் வழி வேறு. தொலைக்காட்சியின் தொடக்க நாள்களிலேயே அவர்கள் பில்ட்புங்க்ட், அதாவது படத்தின் புள்ளி, என்றனர். ஆங்கில வழக்கு படத்தைக் கூறுகளாகப் பிரிக்கிறது. ஜெர்மன் வழக்கு படத்தில் இடங்களைக் குறிக்கிறது. தமிழிலும் இவ்விரு நோக்குகளும் உள்ளன. படத்துணுக்கு, படவணு என்பன முன்னதைச் சார்ந்தவை. படப்புள்ளி பின்னதைச் சார்ந்தது.

இவ்வேறுபாடு வெறும் சொல் விருப்பமன்று. பிக்சல் சிறு சதுரமன்று, ஓரிடத்தில் எடுத்த அளவீடு மட்டுமே என்று ஆல்வி ரே சுமித் 1995இல் ஒரு குறிப்புரை முழுவதும் வாதிட்டார். துணுக்கு எனக் கருதும் மாணவர் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கும்போது ஒவ்வொரு மதிப்பையும் நான்கு முறை திரும்ப எழுதுவார். விளிம்புகள் படிக்கட்டுப் போலாகும். புள்ளி எனக் கருதுபவர் இரு புள்ளிகளுக்கு இடையே என்ன மதிப்பிருக்கும் என்று வினவி, அண்டை மதிப்புகளிலிருந்து கணக்கிடுவார். புள்ளிகளை முதலில் இட்டுக் கோட்டை அவற்றைச் சுற்றியும் இடையிலும் இழுக்கும் கோல மரபுடைய நமக்கு இக்கருத்து அயலானதன்று. ஒளிப்படக் கருவியின் உணரி சிறு பரப்பில் விழும் ஒளியைத் திரட்டுகிறது என்பதும் உண்மையே. எனவே துணுக்கு முற்றிலும் தவறன்று. ஆயினும் பயிற்றும் நோக்கில் படப்புள்ளியே ஏற்றது என்பது என் கருத்து. கிர்ஷும் தம் முதுமையில், 2010இல் வெளியிட்ட கட்டுரையில், சதுரமல்லாத வடிவங்களைக் கொண்டு படங்களைச் செம்மையாக்க முயன்றார்.

இதனினும் பெரிய இடர்ப்பாடு நம் சொற்களஞ்சியத்திலேயே உள்ளது. பள்ளிக் கணிதத்தில் அணியின் கிடைவரிசை நிரை, நெடுவரிசை நிரல். கணிப்பொறியியலிலோ கட்டளைகளின் தொகுதியும் நிரல். ‘நிரலில் நிரலின் எண்ணைத் தருக’ என்னும் தொடரை மாணவர் எவ்வாறு கொள்வார்? வடிவியலில் கிடைத்தொலைவு முதலில் வரும். அணியிலோ நிரையெண் முதலில் வரும். இம்முறைமாற்றமே தொடக்கநிலையாளரைத் தடுமாறச் செய்வது. அதனோடு சொற்குழப்பமும் சேர்கிறது. தரவுத்தள நூல்களில் நெடுவரிசை என்னும் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. அதனையே படச் செயலாக்கத்திலும் ஆள்வது நன்று. படம் நீள்சதுரமாயின் எண்களை இடமாற்றி எழுதிய நிரல் எல்லை மீறிப் பிழை காட்டி நின்றுவிடும். மாரினர் படத்தைப் போன்று 200க்கு 200 ஆயினோ எப்பிழையும் காட்டாது; படம் மட்டும் மூலைவிட்டத்தின் வழியே புரண்டு நிற்கும்.