உடற்பருமன் அறுவை சிகிச்சைக் காப்பீடு (இந்தியா)

உடற்பருமன் அறுவை சிகிச்சைக் காப்பீடு என்பது, இரைப்பையைச் சுருக்கி உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சையின் செலவை மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பதைக் குறிக்கும். கோயம்புத்தூரில் ஜெம் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது.

நிபந்தனைகள்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த நெறிமுறைகளின்படி, எடைக் குறைப்புச் சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனங்கள் விலக்கலாம். ஆயினும் பின்வரும் அனைத்தும் நிறைவேறினால் அவ்விலக்கு பொருந்தாது:

* மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்ட மருத்துவரின் பரிந்துரை.
* 18 வயது நிறைவு.
* உடல் நிறைச் சுட்டெண் குறைந்தது 40. அல்லது எளிய முறைகள் பலனளிக்காத நிலையில், கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு, கடும் உறக்க மூச்சுத்தடை, இதய நோய் ஆகியவற்றுள் ஒன்றுடன் குறைந்தது 35.

165 செ.மீ. உயரமுள்ளவருக்குச் சுட்டெண் 40 என்பது ஏறத்தாழ 109 கிலோகிராம், 35 என்பது 95 கிலோகிராம் ஆகும்.

தகுதி தரும் நீரிழிவே தடையாகவும் அமையக்கூடும். காப்பீடு எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கலாம் (2024 முதல்). எனவே அறுவைக்கு முன்பே நிறுவனத்தின் முடிவை எழுத்தில் பெறுவது நன்று.

முறையீடு

கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதன் பதில் நிறைவளிக்காவிடின் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கொங்கு நாட்டு மாவட்டங்கள் அவரது சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் அடங்கும்.