தறிக்கூடத்திலும் வீட்டிலும் மின்னதிர்ச்சி: காரணம், தடுப்பு, முதலுதவி

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம் அமைந்துள்ள இடங்களில், நெசவாளர் மட்டுமின்றிக் குழந்தைகளும் முதியோரும் நோயாளிகளும் மும்முனை மின்னிணைப்புக்கு மிக அருகில் வாழ்கின்றனர்.

மின்னதிர்ச்சி எவ்வாறு ஏற்படுகிறது?

மின்னோட்டம் பாய்வதற்கு முழுமையடைந்த சுற்று ஒன்று தேவை. ஒற்றைக் கம்பியில் அமரும் காகத்திற்கு ஒன்றும் நேராததன் காரணம் இதுவே. மின்மாற்றியின் நியூட்ரல் முனை நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எனவே வெறுங்காலுடன் நிற்பவர் மின்கசிவுள்ள மோட்டாரைத் தொட்டவுடன், அவருடைய உடலும் நிலமும் சேர்ந்து அச்சுற்றை நிறைவு செய்துவிடுகின்றன.

உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம். வியர்வையிலோ நீரிலோ நனைந்தால் உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓமாகக் குறையக்கூடும். வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டை 1,000 ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் கிடைக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்வதைவிட இது குறைவு. ஆயினும் சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசைகள் இறுகிப் பிடியை விடமுடியாமல் போகும். 30 மில்லி ஆம்பியர் அளவில் மூச்சுத்தசைகள் செயலிழக்கலாம். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் இதயத்துடிப்பு ஒழுங்கிழந்து உயிருக்கு ஆபத்து நேரும்.

எம்.சி.பி. இருந்தால் போதுமா?

போதாது. 16 ஆம்பியர் எம்.சி.பி., ஒயர் சூடேறித் தீப்பற்றாமல் காக்கவே அமைக்கப்பட்டது. மனித உடலில் பாயும் 230 மில்லி ஆம்பியரை அது உணராது. உயிர்காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எனும் மின்கசிவுத் தடுப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால், நொடிக்கும் குறைவான நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஒரே நேரத்தில் பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டையும் தொடுபவரை இக்கருவியும் காப்பாற்றாது.

எர்த் இணைப்பு தனியே அவசியம். கோடையில் மண் வறண்டால் எர்த் குழியின் தடை உயரும். குழிக்கு நீர் ஊற்றி வருவது நன்று. தறி மோட்டார், சுவிட்ச் பெட்டி ஆகியவற்றில் படியும் பஞ்சுத்தூசி எளிதில் தீப்பற்றும். மெயினை அணைத்த பின்னரே அதைத் துடைக்க வேண்டும்.

நோயாளி உள்ள வீட்டில்

ஆக்சிஜன் செறிவூட்டி, காற்று மெத்தை ஆகியவற்றை எர்த் உள்ள மூன்று துளைச் சுவர் பிளக்கில் நேரடியாகப் பொருத்துக. ஈரப் படுக்கை விரிப்பை மாற்றும்போது மின்கருவியின் ஒயர் அதில் படாதிருக்கட்டும். ஆக்சிஜன் பயன்படுத்தும் அறையில் விளக்கேற்றுதல், புகைபிடித்தல் கூடாது. மின்தடை நேரும்போது பயன்படுத்த மாற்று உருளை வைத்திருப்பது குறித்து மருத்துவரிடம் கேட்டறிக.

மின்னதிர்ச்சிக்குள்ளானவருக்கு உதவுதல்

முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவும். இணைப்பு துண்டிக்கப்படும்வரை அவரைத் தொடக்கூடாது. அணைக்க இயலாவிடில், உலர்ந்த பலகையின் மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்கலாம். இது வீட்டு மின்சாரத்திற்கு மட்டுமே பொருந்தும். தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தால் குறைந்தது 10 மீட்டர் விலகி நின்று, மின்னகம் 94987 94987 எண்ணுக்குத் தெரிவிக்கவும்.

பின்னர் 108 அழைக்கவும். உணர்வும் இயல்பான மூச்சும் இல்லையெனில் மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தவும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். மண்ணிலோ சாணத்திலோ புதைத்தால் உடலிலுள்ள மின்சாரம் இறங்கிவிடும் என்பது தவறு. உடலில் மின்சாரம் தங்குவதில்லை. வீணாவது மூளைக்கு இரத்தம் கிடைக்க வேண்டிய நேரம்தான்.

தீப்புண்ணை 20 நிமிடம் ஓடும் நீரில் குளிர்விக்கவும். பற்பசை, மை, நெய் தடவ வேண்டாம்.

வெளியே சிறு கருகல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே தசைகள் பெரிதும் சிதைந்திருக்கலாம். மயங்கி விழுந்தவர், நெஞ்சுவலி அல்லது படபடப்பு உள்ளவர், தீப்புண் கொண்டவர், கர்ப்பிணிகள், இதயநோயாளிகள் ஆகியோர் நலமாக உணர்ந்தாலும் அன்றே அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வீட்டிற்குத் திரும்பிய பின் சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறினாலோ, கை கால் வீங்கி மரத்துப்போனாலோ தாமதமின்றி மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.