கூலியும் தொட்டிலும்

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விடியலில் வந்தவனுக்கும், பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் ஒரே தெனாரியம். அந்த நாணயம் அக்காலத்தில் ஒரு நாள் கூலி. எளிய குடும்பம் ஒன்று அன்றைய பொழுதைக் கழிப்பதற்கான விலை. தோட்ட உரிமையாளர் உழைத்த நேரத்தை மட்டும் எண்ணவில்லை, கூலியை எதிர்பார்த்துக் காத்திருந்த வீட்டையும் எண்ணினார் என்று மறையுரைகளில் விளக்கம் சொல்லக் கேட்கிறோம். உவமை இறையருளைப் பற்றியது. கூலிச் சட்டத்தைப் பற்றியது அன்று. ஆயினும் உலகியல் அறிந்த மனம் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. மறுநாள் காலையில் அந்தத் தோட்டத்தில் என்ன நடந்திருக்கும்? பக்கத்துத் தோட்டக்காரர் அவ்வாறு கொடுக்காதபோது, இவர் ஒருவர் மட்டும் எத்தனை நாள் கொடுக்க முடியும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கப் பொதுநிலையினர் சிலர் இக்கேள்வியோடு போராடினர். ஆலை முதலாளிகள், மேலாளர்கள், தொழிற்சங்கத்தினர் எனப் பலதரப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் முயற்சியில் பிறந்ததே குடும்பப் படி என்னும் ஏற்பாடு. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குடும்பத்திற்குக் கிடைக்கும் அத்தொகை இன்று பல நாடுகளில் சட்டமாக நிலைத்துவிட்டது. அது வந்த வழியை அறிவது நமக்கும் பயன் தரும்.

நீதியா, அன்பா?

ரேம்ஸ் நகருக்கு அருகே வால்-தெ-புவா என்னும் இடத்தில் நூற்பாலை நடத்தியவர் லெயோன் ஆர்மேல் (1829-1915). தொழிலாளர்கள் அவரை 'நல்ல தந்தை' என்றே அழைத்தனர். ஆலை நிர்வாகத்தில் தொழிலாளர்களின் குரலுக்கு இடமளித்தவர். தொழிலாளர்களைத் திரட்டி உரோமைக்குத் திருப்பயணம் அழைத்துச் சென்றவர். கூலி போதாத பெரிய குடும்பங்களுக்கு உதவ அவரது ஆலையில் ஒரு குடும்ப நிதி ஏற்பட்டது. அதைத் தொழிலாளர் குழுவே நிர்வகித்தது.

1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். சிக்கனமும் ஒழுக்கமும் உள்ள தொழிலாளி பிழைப்பதற்குக் கூலி போதுமானதாக இருக்க வேண்டும் என்று அம்மடல் கூறிற்று. ஆனால் 'தொழிலாளி' என்றால் தனி ஆள் மட்டுமா, அவர் மனைவி மக்களும் சேர்த்தா? பெல்ஜியத்தின் மாலின் நகரக் கர்தினால் கூசென்ஸ் இந்த ஐயத்தை உரோமைக்கு எழுதினார். சுற்றுமடல் உருவாக்கத்தில் பங்கு கொண்டிருந்த கர்தினால் சிகிலியாரா விடை எழுதினார். உழைப்புக்கு ஈடான கூலியைக் கொடுத்துவிட்ட முதலாளி, அது குடும்பத்திற்குப் போதாவிட்டாலும் நீதிக்கு எதிராகப் பாவம் செய்யவில்லை. ஆனால் சில வேளைகளில் அன்புக்கு எதிராகத் தவறக்கூடும் என்பது அவ்விடையின் சாரம்.

இந்த விடையில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. அன்பு என்று சொல்லிவிட்டால் அது கொடுப்பவரின் விருப்பம். நான்கு பிள்ளைகளின் பசி, ஒரு முதலாளியின் நல்ல மனத்தை நம்பி நிற்க வேண்டும். அந்த நல்ல மனம் நொடித்துப்போனால்?

கிரெநோபிளில் கண்ட வழி

முதல் உலகப் போரின் நடுவே, 1916-ஆம் ஆண்டில், கிரெநோபிள் நகரின் ஜோயா உலோகத் தொழிற்கூடத்தில் மேலாளராக இருந்தவர் எமில் ரொமானே. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை அவர் விசாரித்துப் பார்த்தார். ஒரே கூலி வாங்கும் இருவரில், பிள்ளையில்லாதவர் ஒருவாறு சமாளித்தார்; பிள்ளைகள் பலர் உள்ளவர் கடனில் மூழ்கினார். கூலிப் பட்டியலில் இருவரும் சமம். சமையலறையில் சமம் இல்லை. தம் விசுவாசத்தின் போதனையை மனத்திற்கொண்டு ரொமானே முதலாளியிடம் பேசினார். பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் தனிப் படி கொடுக்க அத்தொழிற்கூடம் முன்வந்தது.

இங்கேதான் நாம் முதலில் கேட்ட கேள்வி எழுந்தது. பிள்ளைகள் உள்ளவருக்கு அதிகம் கொடுக்க வேண்டுமென்றால், செலவைக் குறைக்க நினைக்கும் முதலாளி என்ன செய்வார்? மணமாகாதவர்களைத் தேடி வேலைக்கு எடுப்பார். குடும்பத்தைக் காக்க வந்த படியே குடும்பத்தலைவரின் வேலைக்கு உலை வைத்துவிடும். நல்லெண்ணத்தால் தொடங்கிய ஒன்று, யாருக்காகத் தொடங்கியதோ அவரையே தெருவில் நிறுத்தும்.

1918-இல் கிரெநோபிள் உலோகத் தொழில் முதலாளிகள் ஒன்றுகூடி ஒரு பொது நிதியம் அமைத்தனர். ஒவ்வொருவரும் தம்மிடம் எத்தனை பிள்ளைகளின் தந்தையர் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கில் பணம் செலுத்தவில்லை. தம் தொழிற்கூடத்தின் அளவுக்கு ஏற்பச் செலுத்தினர். படி அந்த நிதியத்திலிருந்து குடும்பங்களுக்குச் சென்றது. பிள்ளையில்லாத ஆளை அமர்த்தினாலும், ஆறு பிள்ளைகளின் தந்தையை அமர்த்தினாலும் முதலாளிக்குச் செலவு ஒன்றே. ஆகவே எவரையும் ஒதுக்குவதில் இலாபம் இல்லை. மிக எளிய ஏற்பாடு. ஆனால் ஒருவர் தலையில் இருந்தவரை தொழிலாளிக்கு எதிராகத் திரும்பக்கூடிய சுமை, பலர் தோளுக்கு மாறியதும் தொழிலாளிக்கு அரணாயிற்று. 1920-களின் முடிவில் பிரான்சில் இத்தகைய நிதியங்கள் இருநூறுக்கும் மேல் இருந்தன.

அரணே வேலியானபோது

இவ்வரலாற்றை வெறும் புகழ்மாலையாகச் சொல்லிவிட முடியாது. நிதியத்தை முதலாளிகளே ஆண்டனர். எல்லாருக்கும் கூலியை உயர்த்துவதைவிடச் சிலருக்குப் படி கொடுப்பது மலிவு என்று கணக்கிட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். வேலைநிறுத்தத்தில் சேர்ந்தவரின் படியை வெட்டிய நிதியங்களும் உண்டு. பிள்ளையின் பாலைப் பிணையாக வைத்துத் தந்தையின் வாயை அடைப்பது அன்றோ அது?

வடபிரான்சின் ரூபே-தூர்க்குவான் நெசவாலைப் பகுதியில் இந்தப் பூசல் திருச்சபைக்குள்ளேயே வந்தது. ஆலை முதலாளிகள் சங்கத்தை வழிநடத்திய எழேன் மாத்தோன் பக்தியுள்ள கத்தோலிக்கர். குடும்பப் படி அளிப்பதில் முன்நின்றவர். எதிரே நின்ற கிறிஸ்தவத் தொழிற்சங்கத்தினரும் கத்தோலிக்கரே. உதவி செய்யும் நம்மிடமே உரிமை கேட்கிறார்களே என்பது மாத்தோனின் மனக்குறை. 1924-இல் அவர் தொழிற்சங்கத்தின்மீது உரோமைக்கு முறையீடு அனுப்பினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1929-இல், லீல் ஆயர் லியெனாருக்கு விடை வந்தது. தங்களுக்கெனச் சங்கம் அமைத்துக்கொள்ளத் தொழிலாளர்க்கு உரிமை உண்டு என்பதை உரோமை உறுதி செய்தது. அதற்கு முன்பே, அல்லுவான் ஊரில் 1928-29-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் குடும்பங்களுக்காகத் திரட்டப்பட்ட நிதிக்கு லியெனார் தாமும் பணம் கொடுத்திருந்தார். 1930-இல் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். படி கொடுப்பது நல்லது. ஆனால் அது கொடுப்பவருக்கு அடிமைச் சாசனம் எழுதிக் கொடுப்பதாகாது என்ற பாடம் இவ்வாறு தெளிந்தது.

1931-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் வெளியிட்ட 'குவாத்ராஜெசிமோ ஆன்னோ' சுற்றுமடல், நாற்பது ஆண்டு ஐயத்தை ஒரு வகையில் தீர்த்து வைத்தது. தொழிலாளியின் கூலி அவர் குடும்பத்தையும் தாங்க வேண்டும். சூழ்நிலை அதற்கு இடந்தராவிட்டால், அச்சூழ்நிலையை மாற்றுவதே சமூக நீதியின் கட்டளை என்று அது கற்பித்தது. குடும்பச் சுமைக்கு ஏற்பப் படி தரும் முயற்சிகளையும் பாராட்டிற்று. அன்பின் பட்டியலில் இருந்தது நீதியின் பட்டியலுக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1932 மார்ச்சு 11 அன்று, தொழில் வணிகத் துறை முதலாளிகள் அனைவரும் ஒரு நிதியத்தில் சேர வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டம் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு உருவானபோது, 1946 ஆகஸ்டு 22-ஆம் நாள் சட்டம் குடும்ப உதவிகளை விரிவுபடுத்திற்று.

பெண்ணின் கூலி

'குடும்பக் கூலி' என்ற அழகிய சொல்லுக்கு ஒரு நிழலும் உண்டு. ஆண் குடும்பத்தைக் காப்பவன். ஆதலால் அவனுக்கு முழுக் கூலி. பெண்ணுக்குக் காப்பாற்ற யாரும் இல்லை. ஆதலால் அவளுக்குக் குறைந்த கூலி. ஐரோப்பிய ஆலைகளில் இவ்வாதம் நெடுங்காலம் செல்லுபடியாயிற்று. ஆனால் மணமாகாத ஆணும் முழுக் கூலியே பெற்றான். மூன்று பிள்ளைகளோடு நின்ற கைம்பெண்ணோ பெண் கூலியே பெற்றாள். குடும்பத்தின் பெயரால் வகுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு, குடும்பங்களிலேயே மிகவும் நலிந்ததை மேலும் நலியச் செய்தது.

இதை மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஆங்கில நாட்டின் எலினர் ராத்போன் அம்மையார். பிள்ளை வளர்க்கும் செலவைக் கூலியோடு கட்டிப்போடாதீர்கள். அதைச் சமூகம் தாய்க்குத் தனியே தரட்டும். பின்னர் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தருவதற்கு என்ன தடை என்று 1924-இல் தாம் எழுதிய நூலில் கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார். 1945-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் குடும்பப் படிச் சட்டத்தை எடுத்தபோது, தொகையைத் தந்தையிடமே கொடுப்பதாக இருந்தது. அம்மையார் விடாது எதிர்த்ததால் அது தாயின் கைக்கு மாறிற்று. முதல் பிள்ளை நீங்கலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஐந்து ஷில்லிங். முதல் தவணை வழங்கப்பட்டது 1946 ஆகஸ்டில். அதைக் காண அவர் இல்லை. அவ்வாண்டு சனவரியில் அவர் காலமானார்.

அதே 1946-இல், குடும்ப உதவிச் சட்டத்திற்குச் சில வாரங்கள் முன்னர், பெண்களுக்குச் சட்டப்படியே கூலியைக் குறைத்து நிர்ணயிக்கும் வழக்கத்தைப் பிரான்சு ஒழித்தது. இவ்விரண்டும் ஒரே கோடையில் நிகழ்ந்தன. பிள்ளையின் பங்கு பொது நிதியத்திலிருந்து வரும்போது, பெண்ணின் கூலியை அறுப்பதற்குப் பழைய சாக்கு இல்லை.

எல்லாம் சீராகிவிட்டது என்பதன்று. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டிற்கு 1941 முதல் தரப்பட்ட தனிப்படி, தாய் வேலைக்குப் போனால் நின்றுபோகும் என்று அவளை வீட்டோடு கட்டிற்று. 1978-இல்தான் அது மாற்றப்பட்டது. வீட்டில் பிள்ளைகளைப் பேணுவதும், வெளியில் சென்று உழைப்பதும் இரண்டுமே மதிப்புள்ளவை. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் 'லபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடலில் குடும்பக் கூலியோடு, குடும்பப் படியையும் தாய்மாருக்கான உதவித் தொகையையும் சேர்த்தே பேசினார். பெண் தன் தாய்மையை விலையாகக் கொடுத்து முன்னேற வேண்டிய நிலை இராதவாறு வேலையின் அமைப்பே திருத்தப்பட வேண்டும் என்றும் கூறினார்.

நம் முற்றத்தில்

இது தொலைநாட்டுக் கதையாக நின்றுவிடவில்லை. நம் நாட்டின் 1961-ஆம் ஆண்டு மகப்பேற்றுச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, கூலியோடு கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. மகிழத்தக்க திருத்தம். ஆனால் ஈ.எஸ்.ஐ. திட்டத்திற்கு உட்பட்டவர்களுக்கு அந்நாள்களின் ஊதியம் பொது நிதியத்திலிருந்து வர, மற்ற இடங்களில் முழுச் செலவும் அந்தந்த முதலாளியின் தலையில் விழுந்தது. இளம்பெண்ணை வேலைக்கு எடுக்குமுன் அவர் என்ன கணக்குப் போடுவார் என்பதைக் கிரெநோபிள் நமக்கு முன்பே சொல்லிவிட்டது. மகப்பேற்று உதவி பொதுப் பணத்திலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-ஆம் ஆண்டிலேயே வகுத்ததும் இதன்பொருட்டே.

1976-இல் சமகூலிச் சட்டம் வந்தும், 'ஆண் கூலி', 'பெண் கூலி' என்ற இரு சொற்கள் நம் வயல்வெளிகளில் இன்னும் வழங்குகின்றன. தமிழகத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கிய திட்டத்திற்கு 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது கருதத்தக்கது. தயவு என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதில், ராத்போன் அம்மையாரின் வாதம் ஒலிக்கிறது. ஆயினும் அத்தொகை கூலியில் உள்ள அநீதிக்கு ஈடாகிவிடக் கூடாது. படியைக் காட்டிக் கூலியைக் குறைத்த ஆலைகளின் கதையும் நமக்குத் தெரியும்.

இறுதியாக, நம் பங்குகளையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உபதேசியார், கோயில்பிள்ளை, விடுதிச் சமையலர், சிறு பள்ளியின் ஆசிரியை ஆகியோர் நம்மிடம் ஊதியம் பெறுபவர்கள். ஏழைப் பங்கு ஒன்று தன் உபதேசியாரின் குடும்பம் முழுவதையும் தாங்கும் ஊதியத்தைத் தனியே கொடுக்க முடியாமல் போகலாம். அதற்காக அதன்மேல் குற்றம் சுமத்துவதில் பயனில்லை. ஆனால் வசதியுள்ள பங்குகளும் ஏழைப் பங்குகளும் தத்தம் வருவாய்க்கு ஏற்பச் செலுத்தும் ஒரு மறைமாவட்டப் பொது நிதியம் அதைக் கொடுக்க முடியும். அத்தகைய நிதியம் உள்ள இடங்களில் அது பிள்ளைகளின் படிப்பையும் மகப்பேற்றையும் கணக்கில் கொள்கிறதா என்று பார்க்கலாம். இல்லாத இடங்களில், அடுத்து வரும் பங்குப்பேரவைக் கூட்டத்திலேயே இதைப் பேசத் தொடங்கலாம். அதன் நிர்வாகத்தில் ஊதியம் பெறுபவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதையும் மறவாதிருப்போம்.