செல்போன் கடனும் 78 என்ற எண்ணும்

கையில் காசு சேர்ந்தால் முதலில் கடனை அடை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் நானும் அதைத்தான் செய்யப் போனேன்.

என் செல்போன் கடன் 12,000 ரூபாய். முன்பணம் இல்லை. மாதம் 1,130 வீதம் 12 தவணை, மொத்த வட்டி 1,560. ஆறு தவணை கட்டியாயிற்று. பாதிக் காலம் முடிந்தது, ஆகவே பாதி வட்டி 780 ரூபாய் மிச்சம் என்று (பி.காம். படிக்கிற பெருமையோடு!) கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் தள்ளுபடி செய்தது 436 ரூபாய்தான். அதிலும் முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் என்று வரியோடு சேர்த்து 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சியது 136 ரூபாய்!

கடனைச் சீக்கிரம் கொடுத்ததற்கு ஏன் தண்டம் என்ற கோபத்தில் தேட ஆரம்பித்தேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

தவணை வியாபாரத்தைப் பெரிய அளவில் பரப்பியது தையல் இயந்திரம்தான். 1856-இல் சிங்கர் நிறுவனத்தின் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க், முதலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை மாதாமாதம் கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிறகு பியானோ, மேசை நாற்காலி, கார் என்று அது பரவியது. கூடவே கொடுமையும் வந்தது. பிரிட்டனில் முக்கால்வாசிப் பணம் கட்டியவர் ஒரு தவணை தவறினாலும் பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஜாரோ தொகுதி எம்.பி. எல்லன் வில்கின்சன் கொண்டுவந்த மசோதா 1938-இல் சட்டமானது. அதன்படி மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால், நீதிமன்றம் சொல்லாமல் பொருளைப் பறிக்க முடியாது.

தவணை தவறியவருக்குப் பாதுகாப்பு வந்தது சரி. தவணைக்கு முன்பே கட்டுகிறவருக்கு? அங்கேதான் 78 வருகிறது.

1 முதல் 12 வரை கூட்டிப் பாருங்கள், 78 வரும். மொத்த வட்டியை 78 பங்காக்கி, முதல் மாதத்துக்கு 12 பங்கு, இரண்டாம் மாதத்துக்கு 11 பங்கு என்று குறைத்துக்கொண்டே போய், கடைசி மாதத்துக்கு 1 பங்கு வைப்பார்கள். இதுதான் '78-இன் விதி'. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1935-லேயே இது சட்டத்தில் இடம்பெற்றது. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பென்சிலால் போடக்கூடிய கணக்கு. என் கடனில் ஒரு பங்கு 20 ரூபாய். ஆறு மாதத்தில் 57 பங்கு போய்விடும். மீதி 21 பங்கு, அதாவது 420 ரூபாய்தான் தள்ளுபடி.

ஆரம்பத்தில் அசல் அதிகம், அதனால் வட்டியும் அதிகம். அதுவரை நியாயம்தான். ஆனால் பல வருடக் கடனில் வட்டி விகிதமும் அதிகமாக இருந்தால் இந்த விதி எல்லை மீறிப் போகும். சில வருடம் கட்டிய பிறகும் வாங்கியதைவிட அதிகம் பாக்கி என்று காட்டும். அதனால் 61 மாதத்துக்கு மேற்பட்ட நுகர்வோர் கடன்களில் இந்த விதியை அமெரிக்கா 1992-இல் தடை செய்தது. பிரிட்டனில் கடனை முன்கூட்டியே முடித்து வட்டித் தள்ளுபடி பெறும் உரிமையை 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. ஆனால் தள்ளுபடிக் கணக்கு 78-இன் விதிப்படியே நடந்தது. 2005 மே 31 முதல் புதிய விதிகள் வந்தபோதுதான் அது போனது.

நம் நாட்டுக் கதை இதைவிட விசித்திரம். 1972-இல் வாடகைக் கொள்முதல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தவணையில் வாங்கியவர் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் மீதியைக் கட்டி முடிக்கலாம். இன்னும் வராத தவணைகளுக்கு விகிதப்படி வரும் வட்டியில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். என் கணக்குக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால் 780-இல் மூன்றில் இரண்டு பங்கு, 520 ரூபாய்!

சந்தோஷப்பட வேண்டாம். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. 2005-இல் ரத்தும் செய்துவிட்டார்கள். பிரிட்டன் 78-ஐ விட்டொழித்த அதே வருடம்!

பிறகு ரிசர்வ் வங்கி தலையிட்டது. வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு 2012-இலும், தனிநபர்களின் மற்ற மாறும் வட்டிக் கடன்களுக்கு 2014-இலும் இந்தக் கட்டணத்தை நீக்கியது. ஆனால் செல்போன் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி. அதனால் வீட்டுக் கடன் வாங்கியவருக்குக் கிடைத்த விடுதலை, செல்போன் வாங்கிய மாணவனுக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டாலும் தள்ளுபடி அதே 436 ரூபாய்தான். ஆக, தள்ளுபடிக் கணக்கில் தவறு இல்லை. 78-இன் விதிப்படி வரும் 420-ஐவிட 16 ரூபாய் அதிகமாகவே கொடுத்திருக்கிறார்கள். நான் கோட்டைவிட்ட இடம் வேறு. கடையில் 13 சதவீதம் என்றார்கள். அது முழு 12,000-க்கும் கடைசிவரை போட்ட வட்டி. குறையும் அசலுக்குப் பார்த்தால் வருடத்துக்கு 23 சதவீதத்துக்கும் மேல்! அந்த 300 ரூபாய்க் கட்டணமும் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது.

2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் கொடுப்பவர்கள் உண்மையான வருடாந்திர விகிதத்தையும் இந்த மாதிரிக் கட்டணங்களையும் ஒரு சுருக்கத் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நண்பர்களே, கடையில் போனின் கேமராவைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது, கடனை வாங்கும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. அந்த 136 ரூபாய்க்கு நான் கற்ற பாடம் இதுதான்.