1864 புயலும் கல்கத்தாவின் அயல்நாட்டு ஆசிரியர்களும்

ஹூக்ளி ஆற்றுடன் டாலி கால்வாய் கலக்கும் முகத்தை ஒட்டி அமைந்த கிடர்பூர், கப்பல்துறைகளால் பெயர் பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே கப்பல் கட்டும் ஊராக விளங்கியது. பிரிட்டானியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த ஜேம்ஸ் கிட் இங்கு நடத்திய பட்டறையில்தான் 74 பீரங்கிகளைத் தாங்கும் 'ஹேஸ்டிங்ஸ்' என்ற போர்க்கப்பல் உருவாகி 1818-இல் நீரில் இறங்கியது. கம்பெனிப் படை அதிகாரிகள் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளியும் கிடர்பூர் மாளிகையில் பல தலைமுறை நடந்தது. ஆயினும் வங்காளத்தில் பணியாற்றிய அயல்நாட்டு ஆசிரியர்களின் அன்றாட வேலையில் வானிலையைக் குறிப்பது என்ற ஒரு புதிய கடமை சேர்ந்ததற்குக் காரணம் பள்ளியோ பட்டறையோ அல்ல. 1864 அக்டோபர் 5 அன்று வீசிய புயலே. ஆசுவின மாதத்தில், துர்கா பூசையை ஒட்டி வந்ததால் வங்காள மக்கள் அதை 'ஆசுவினப் புயல்' என்றே நினைவில் வைத்தனர்.

அக்காலத்தில் கல்கத்தா துறைமுகம் என்பது ஆறுதான். கதவிட்டு நீரைத் தேக்கும் கப்பல்துறை எதுவும் இல்லாததால், கப்பல்கள் நடு ஆற்றில் வரிசை வரிசையாகச் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நின்றன. புயல் உந்திய கடல்நீர் ஆற்றின் வழியே ஏறி வந்து கப்பல்களை உயர்த்தியபோது சங்கிலிகள் அறுந்தன. அறுத்துக்கொண்ட ஒரு கப்பல் அடுத்ததன் மேல் மோதி அதையும் இழுத்துச் சென்றது. துறைமுகத்தில் நின்ற 195 கப்பல்களுள் 36 முற்றிலும் அழிந்தன, 97 கடும் சேதமுற்றன, 39 சிறிய சேதத்துடன் தப்பின, எந்தக் காயமும் படாதவை 23 மட்டுமே. கீழ் ஆற்றங்கரைக் கிராமங்களின் இழப்போ இதனினும் பன்மடங்கு கொடியது: வெள்ளத்திலும் அதையடுத்த நோயிலும் மாண்டோர் ஏறத்தாழ 60,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

இப்பேரழிவை ஆராய்ந்து அறிக்கை எழுதும் பொறுப்பு, நில அளவைத் துறையின் கர்னல் காஸ்ட்ரெலிடமும் பிரசிடென்சி கல்லூரி ஆசிரியர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டிடமும் வந்து சேர்ந்தது. லண்டனில் பிறந்த பிளான்போர்டு தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலானவர் அல்லர். நிலவியல் துறையில் இருந்தபோது திருச்சிராப்பள்ளி, தென்னாற்காடு மாவட்டங்களின் கிரெட்டேசியக் காலப் பாறைகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், அரியலூர் ஆகிய ஊர்ப்பெயர்களை உலக நிலவியல் நூல்களில் ஏற்றியவர் அவர். உடல்நலம் குன்றியதால் அப்பணியைத் துறந்து 1862-இல் கல்லூரி ஆசிரியரானார். புயல் அறிக்கை 1866-இல் வெளியானது. மறு ஆண்டே அவர் வங்காள அரசின் வானிலை அறிவிப்பாளராகவும், 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகவும் அமர்த்தப்பட்டார். இந்திய மாணவருக்கென அவர் எழுதிய இயற்கைப் புவியியல் பாடநூலும் அவருடைய ஆசிரியப் பணியின் பேறே.

1865 டிசம்பரில் கல்கத்தா வந்த பெல்ஜிய இயேசு சபைத் துறவி யூஜின் லாபோன், தூய சேவியர் கல்லூரியில் அறிவியல் கற்பித்ததோடு அதன் மொட்டைமாடியில் எளிய வானிலை நிலையம் ஒன்றையும் அமைத்தார். வானிலையைக் குறிக்கும், நாள்தோறும் செய்தாக வேண்டிய இந்த வேலையின் அருமையை அருகிலிருந்து பார்த்தால்தான் உணர முடியும். காற்றழுத்தமானியின் அருகில் நிற்பவரின் உடல் வெப்பமே பாதரசத்தை விரியச் செய்யும் என்பதால் முதலில் அதனுடன் இணைந்த வெப்பமானியைப் படித்து, குழாயை மெல்லத் தட்டி, பாதரச முகட்டுக்கு நேர்கோட்டில் கண்ணை வைத்து அளவு குறிக்க வேண்டும். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை 10 மணியளவில் ஏறி மாலை 4 மணியளவில் இறங்கும்; இந்த ஒழுங்கைப் பல நாள் பொறுமையாகக் குறித்தவருக்கே, ஏற வேண்டிய நேரத்தில் ஏறாத பாதரசம் புயலின் வரவைச் சொல்லும். 1867 நவம்பரில் லாபோன் இவ்வாறு புயலை முன்னுணர்ந்து ஆட்சியாளரிடம் தெரிவித்ததால் உயிரிழப்பு குறைந்தது.

இவ்விருவரின் புகழும் தகுதியானதே; ஆனால் கதையை இவர்களோடு நிறுத்துவது அநீதி. புயலுக்கு முன்பே, 1852 முதல் 1862 வரை, கல்கத்தா நில அளவை அலுவலகத்தில் மணிக்கொரு முறை வானிலை குறிக்கும் பணியை வழிநடத்தியவர் வங்காளக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார். வெப்பத்தால் பாதரச அளவில் நேரும் பிழையைக் களையும் கணக்குமுறையை வகுத்தவரும் அவரே; ஓய்வுக்குப் பின் அவரும் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். அயல்நாட்டு ஆசிரியர்கள் செய்த பெரும்பணி, அளவுகளைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் துறைமுகத்துக்கான எச்சரிக்கையாக மாற்றியது.

கதவிட்ட கப்பல்துறை கிடர்பூருக்கு 1892-இல்தான் கிடைத்தது. எச்சரிக்கை அதற்கு முந்திவிட்டது: இன்று கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் ஏற்றப்படும் புயல் கூண்டுகளுக்கு முன்னோடி, 1865-இல் கல்கத்தா துறைமுகத்துக்கென ஏற்படுத்தப்பட்ட முதல் புயல் எச்சரிக்கை அமைப்பு.